கோடியக்கரையில் உள்ளான் பார்க்கலாம்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடியக்கரையில் வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பூநாரை எங்கே நிற்கிறது?" நெஞ்சுயரம் நிற்கும் ரோஜா நிறப் பறவையைத் தேடி வருவதில் தவறே இல்லை. ஆனால் அவர்கள் தொடுவானத்தில் பூநாரையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, சாலையோரத்திலிருந்து நூறடி தூரத்தில் சேற்றோடு சேறாக உள்ளான்கள் எனப்படும் சிறு கரைப்பறவைகள் முந்நூறு நானூறு தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். பழுப்பும் சாம்பலுமான உடம்பு, குச்சிக் கால், ஓயாத ஓட்டம். பெரும்பாலானவர்கள் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏதோ சின்னக் குருவி" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தச் "சின்னக் குருவி" பிறந்தது வட துருவத்தை ஒட்டிய பனிநிலத்தில். மரம் முளைக்காத அந்த நாட்டிலிருந்து மத்திய ஆசியாவின் புல்வெளிகளையும் பாலைவனங்களையும் பெரிய மலைத்தொடர்களையும் கடந்து இந்தச் சேற்றுக்கு வந்திருக்கிறது. கொசு உள்ளான் ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து பல ஆண்டுகளாக ஒவ்வொரு பனிக்காலமும் கோடியக்கரைக்குப் போய்வருகிறேன். இன்றும் அந்த எடையை நினைத்தால் மனம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.

இவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்வது கடினம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. முறை தெரியாமல் தொடங்கினால் கடினம்தான். நான் தொடங்கிய விதமும் தவறானது. எந்தப் பறவை, என்ன பெயர் என்று முதல் நாளே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் நீரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1967-இல் வெளிமான்களைக் காப்பதற்காக இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. பாலை மரங்கள் நிறைந்த காடு, புல்வெளி, மணல்மேடு, இவற்றுக்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை நீளும் பெரிய வேதாரண்யம் சதுப்பு, நடுவே உப்பளங்கள். இவை எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம் இதுதான்.

காட்டுக்குள் வெளிமானும் மட்டக்குதிரையும் பார்க்கலாம், இராமர் பாதம் மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கலாம். அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. நமக்கு வேண்டியது மேற்கே இருக்கும் சதுப்பும் உப்பளமும். பறவையியலாளர் சலீம் அலி 1960-களில் இங்கே வந்து பார்த்துவிட்டு இந்த இடத்தின் அருமையை உலகுக்குச் சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆய்வு செய்துவருகிறார்கள்.

எந்த மாதம் போவது?

ஆகஸ்ட் மாதத்திலேயே வரத்து தொடங்கிவிடும். அதில் ஒரு வரிசை உண்டு. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொண்டால், ஆண் பறவைகள் ஜூலைத் தொடக்கத்திலேயே சைபீரியாவை விட்டுக் கிளம்பிவிடும். பெண் பறவைகள் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பின்தங்கும், பிறகு அவையும் கிளம்பும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் கடைசியில் வருகின்றன, பெற்றோர் துணையில்லாமல். பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன பறவை, ஒருமுறைகூடப் பார்த்திராத ஊருக்கு வழி கேட்காமல் வந்து சேர்கிறது.

புதியவர்களுக்கு நான் சொல்வது தை, மாசி மாதங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும். சதுப்பு முழுவதும் நீர் நிறைந்து நின்றால் இரண்டு சென்டிமீட்டர் கால் உள்ள பறவை எங்கே நிற்கும்? ஓரங்களுக்குச் சிதறிப்போய்விடும். இந்த மாதங்களில் புயல் அபாயமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது வேதாரண்யத்தை ஒட்டித்தான். கோடியக்காட்டில் அது சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. மார்கழி கடந்து நீர் வடியத் தொடங்கியதும் சேற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், சிதறிக் கிடந்த பறவைகள் அவற்றில் கூடும். வானமும் தெளிவாக இருக்கும். தை அமாவாசையன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடலில் நீராட வரும் கூட்டத்தால் சாலையில் நகர இடமிருக்காது.

போய்ச் சேர்வது, அனுமதி, தங்குவது

திருத்துறைப்பூண்டி அல்லது நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யத்துக்கு பஸ் உண்டு. அங்கிருந்து கோடியக்கரைக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் விடியலில் சதுப்போரம் நிற்க வேண்டுமானால் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் மாலையே வந்து வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். வெளியூரிலிருந்து காலையில் கிளம்பி ஒன்பது மணிக்கு வந்து சேர்கிறவர்கள் நல்ல வெளிச்சத்தை வழியிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

சரணாலயத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். சதுப்பின் உட்பகுதிக்குப் போக வனத்துறையின் அனுமதி தேவை. அதை நேரில் வந்து கேட்பதைவிட முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. உப்பளங்கள் தனியார் கையிலும் இருக்கின்றன. வரப்பில் கால் வைப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். அது மரியாதை மட்டும் அல்ல. எந்த வரப்பு உறுதியானது, எது காலை இழுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை கேட்காமல் இறங்கி முழங்கால் வரை புதைந்தேன். உடன் வந்தவர் துண்டை நீட்டி இழுத்தார், செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சேறு மேலே உலர்ந்து வெடித்திருந்தாலும் அடியில் கூழாக இருக்கும்.

என்ன எடுத்துப்போவது?

ஒரு பைனாகுலர் போதும். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி. பெருக்கம் அதிகமாக இருந்தால் நல்லது என்று 12, 16 என வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், படம் நிற்காது. முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி இருந்தால் உள்ளான் பார்ப்பது வேறொரு அனுபவம். ஆனால் அது விலை கூடியது. முதல் ஆண்டே வாங்க வேண்டாம், வைத்திருப்பவரோடு சேர்ந்து போங்கள். பறவை பார்க்கிறவர்கள் தொலைநோக்கியில் ஒரு கண் பார்க்க யாருக்கும் மறுப்பதில்லை.

தொப்பி, தேவையான அளவுக்கு மேலேயே குடிநீர், மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, சிறிய குறிப்பேடு, பென்சில். மையில் எழுதினால் உப்புக்காற்றின் ஈரத்தில் கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். சதுப்போரத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. கடையும் கிடையாது.

முதலில் நீரைப் பாருங்கள்

விடிந்ததும் சதுப்பின் கிழக்கு ஓரத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நில்லுங்கள். வெளிச்சம் பறவையின் மேல் விழும். எதிர் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா உள்ளானும் கறுப்பு. ஒன்பது ஒன்பதரைக்கு மேல் உப்புத் தரையிலிருந்து கானல் எழும்பும், அதன் பிறகு எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம்.

பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன் வெறுங்கண்ணால் நீர்ப்பரப்பைப் பாருங்கள். எங்கே நீர் பளபளக்காமல் மங்கலாகத் தெரிகிறது? அங்கேதான் ஆழம் குறைவு. எங்கே சேறு ஈரமாக, ஆனால் நீர் மூடாமல் இருக்கிறது? எந்த விளிம்பில் நீர் நேற்றுவரை நின்று இன்று பின்வாங்கியிருக்கிறது? அந்தக் கோட்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளான்கள் இருப்பது அந்தக் கோட்டில்தான். நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு சிறியது. அதனால் பிற நாடுகளின் வழிகாட்டி நூல்களில் சொல்வதுபோல ஓத அட்டவணையை மட்டும் நம்பி இங்கே திட்டமிட முடியாது. இங்கே காற்றையும் பார்க்க வேண்டும். மேசைபோலச் சமமான சதுப்பில் பலமாகக் காற்று வீசினால் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி மறுபக்கம் சேறு தெரியும். நேற்று பறவை நிறைந்திருந்த இடம் இன்று வெறுமையாக இருந்தால் ஏமாற வேண்டாம். நீர் எங்கே போயிற்று என்று பாருங்கள்.

இப்போது பைனாகுலரை எடுத்து, கரையிலிருந்து ஆழத்தை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். நீர் மூடாத ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் ஓடும். நீரும் சேறும் சேரும் நூல் விளிம்பில் கொசு உள்ளான்கள். ஓரிரு விரற்கடை நீரில் வளைமூக்கு உள்ளான்கள், சில நேரம் வயிறு நனைய. கணுக்கால் ஆழத்தில் பவளக்காலி, பச்சைக்காலி. இன்னும் தள்ளிக் கருவால் மூக்கன்கள், தலை முழுவதையும் நீருக்குள் விட்டபடி. அதற்கும் அப்பால் சிவந்த நெடுங்கால்களோடு நெடுங்கால் உள்ளான். எல்லாவற்றையும் தாண்டிப் பூநாரை. ஒரே பாத்தியில் ஏழு படிகள். காலின் நீளம் எங்கே நிற்கலாம் என்று சொல்கிறது, மூக்கின் நீளம் எவ்வளவு ஆழத்துப் புழுவை எடுக்கலாம் என்று சொல்கிறது. இதனால் இரைக்கான போட்டி குறைகிறது. இந்த வரிசையைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பெயர் தெரியாமலேயே பாதிப் பறவைகளை நீங்கள் பிரித்துவிடுவீர்கள்.

உப்பளத்துக்கும் இதே கணக்கு உண்டு. கடல்நீர் முதலில் பெரிய தேக்கப் பாத்திக்கு வரும். அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு நகர நகர வெயிலில் முறுகி, கடைசிப் பாத்தியில் உப்பாக உறையும். எந்தப் பாத்தியில் பறவை இறங்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர், வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஓர் உப்பளத் தொழிலாளி அம்மா. "வெள்ளை கட்டின பாத்தியில் என்ன இருக்கும் தம்பி? தண்ணீர் பாதி முறுகின பாத்தியைப் போய்ப் பாருங்கள், பூச்சி அங்கேதான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. உப்பு மிகுந்த நீரில் சிறிய இறால் வகையும் ஈக்களின் புழுக்களும் பெருகுகின்றன, அவற்றைத் தின்னும் மீன்கள் அங்கே வாழ முடியாது. உள்ளானுக்குப் போட்டியில்லாத விருந்து. உப்பு உறையும் பாத்தியிலோ உள்ளானுக்கு இரையாக எதுவும் வாழாது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய வேதாரண்யம் இதுதான். அந்த உப்புக்குப் பின்னால் இப்படி ஓர் உயிர்க்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நெருங்குவது எப்படி?

சுருக்கமான விடை: நெருங்காதீர்கள், அவற்றை நெருங்கவிடுங்கள்.

சாலையில் இருந்தால் வண்டிக்குள்ளேயே இருந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். பறவைகள் வண்டிக்கு அஞ்சுவதைவிட, வண்டியிலிருந்து இறங்கும் மனிதனுக்கு அதிகம் அஞ்சும். வரப்பில் இருந்தால் நேராகக் கூட்டத்தை நோக்கி நடக்க வேண்டாம். குறுக்காக, எங்கேயோ போகிறவர்போலப் பத்தடி நடந்து, நின்று, மீண்டும் பத்தடி. பிறகு உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் வானத்தை வெட்டிக்கொண்டு உங்கள் உருவம் தெரியும், உட்கார்ந்தால் வரப்போடு வரப்பாகிவிடும்.

பறவையின் உடல்மொழியைப் படியுங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நீங்கள் போதுமான அளவு வந்துவிட்டீர்கள். எல்லாம் ஒரே திசையில், உங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினால் அதிகமாக வந்துவிட்டீர்கள். ஒன்றிரண்டு இறக்கையை மேலே தூக்கி மடித்தால் உடனே பின்வாங்குங்கள், அடுத்த நொடி கூட்டமே எழும்பிவிடும். பவளக்காலி மற்ற எல்லாவற்றுக்கும் காவற்காரன். அது "தியூ-உ-உ" என்று கத்திக்கொண்டு கிளம்பினால் பாத்தியே காலியாகும்.

எழும்பினால் என்ன, மறுபடி உட்காரும்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அதிலும் கூட்டமாகப் பறக்கும் படம் எடுப்பதற்காகவே கை தட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வரும் கோபத்தை அடக்க முடிவதில்லை. இந்தப் பறவை இங்கே பொழுதுபோக்க வரவில்லை. வந்த பயணத்தில் கரைந்துபோன உடம்பைத் தேற்றிக்கொண்டு, திரும்பிப் போவதற்கான கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்க்க வந்திருக்கிறது. நெடும்பயணம் போகும் உள்ளான்கள் கிளம்புவதற்கு முன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு வீண் பறத்தலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. ட்ரோன் வேண்டாம், பறவைக் குரலை ஒலிபரப்பி அழைக்க வேண்டாம், நாயைக் கூட்டிவர வேண்டாம்.

அசையாமல் இருபது நிமிடம் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாசிக் காலையில் வரப்போரம் உமரிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பவளக்காலி ஒன்று மேய்ந்துகொண்டே என்னிடமிருந்து பன்னிரண்டு அடி வரை வந்துவிட்டது. மூக்கின் அடிப்பாதி சிவப்பு, நுனிப்பாதி கறுப்பு என்பது அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. மூக்கைச் சேற்றில் குத்தியது, அரை அங்குலம் இழுத்தது, நிறுத்தியது. இழுத்த இழுப்பில் புழு அறுந்துவிடாதபடி பிடியைத் தளர்த்தாமல் காத்திருந்து, அது சற்றுத் தளர்ந்ததும் மீண்டும் கொஞ்சம் இழுத்தது. மூன்று தவணையில் புழு முழுதாக வெளியே வந்தது. உடனே விழுங்கவில்லை. நான்கு எட்டு நடந்து நீர் இருக்கும் இடத்துக்குப் போய், புழுவை இருமுறை அலசிச் சேற்றைக் கழுவிவிட்டு, பிறகுதான் விழுங்கியது.

முதல் நாளுக்கு ஐந்து பறவைகள் போதும்

புத்தகத்தில் நாற்பது உள்ளான் வகைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயன்றால் தலைதான் சுற்றும். ஐந்தை உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவற்றை இவற்றோடு ஒப்பிட்டுத்தான் அறியப்போகிறீர்கள். தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறும் என்பதால் ஆங்கிலப் பெயரையும் தமிழ் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

நெடுங்கால் உள்ளானோடு தொடங்குங்கள், ஆங்கிலத்தில் பிளாக் விங்டு ஸ்டில்ட். கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, நம்ப முடியாத நீளத்தில் செந்நிறக் கால். இதைத் தவறாகச் சொல்ல வழியே இல்லை. ஊர்க் குளங்களிலும் நிற்கும்.

அடுத்தது பவளக்காலி, காமன் ரெட்ஷாங்க். காலின் நிறமே பெயர். நிற்கும்போது சந்தேகம் இருந்தால் பறக்கும்போது பாருங்கள்: இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை.

மூன்றாவது உப்புக்கொத்தி, ப்ளோவர். இதை அதன் நடையால் அறியலாம். இதுதான் இந்தக் கட்டுரையில் மிகவும் பயனுள்ள வரி என்று நினைக்கிறேன்: உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், உள்ளான் நடந்துகொண்டே தைக்கும். உப்புக்கொத்திக்குக் கண் பெரிது, மூக்கு குட்டை. கண்ணால் பார்த்து இரை பிடிப்பதால் ஓடி நின்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளானுக்கு மூக்கின் நுனியே கண். அந்த நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் நிறைந்திருக்கின்றன, சேற்றுக்குள் நகரும் புழுவின் அசைவை அவை அறியும். பல உள்ளான்களால் மூக்கை முழுவதும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற முடியும். ஆகவே அவை நிற்காமல் தையல் இயந்திரத்தின் ஊசிபோலக் குத்திக்கொண்டே போகின்றன. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், இருநூறு அடி தூரத்தில் நிறமே தெரியாத பறவையையும் இரு குடும்பங்களில் எதைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கொசு உள்ளான், லிட்டில் ஸ்டின்ட், கூட்டத்திலேயே சிறியது. சிட்டுக்குருவி அளவு, கறுப்புக் கால், குட்டையான நேர் மூக்கு, வயிறு தூய வெள்ளை. இதன் கூட்டத்தைப் பார்க்கும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு மூக்கையும் பாருங்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. அது கலந்து நிற்பது இப்படிப்பட்ட கூட்டத்தில்தான். நான் இன்றுவரை பார்த்ததில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

ஐந்தாவது வளைமூக்கு உள்ளான், கர்லூ சாண்ட்பைப்பர். கொசு உள்ளானைவிட ஒன்றரை மடங்கு பெரியது. மூக்கு நீண்டு, நுனியை நோக்கிக் கீழே அழகாக வளைந்திருக்கும். பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்ற வெள்ளைத் திட்டு தெரியும். கோடியக்கரையில் எங்கும் காண்பதுபோலத் தோன்றினாலும் உலக அளவில் இதன் தொகை சரிந்துவருகிறது. 2024 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது. சாம்பல் உப்புக்கொத்தியும் அப்போதே அதே நிலைக்கு மாற்றப்பட்டது.

பெயர் சொல்ல முடியாத பறவை வந்தால் கவலைப்படாதீர்கள். கால் நிறம், தலையோடு ஒப்பிட்டால் மூக்கு எவ்வளவு நீளம், மூக்கு நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா, எவ்வளவு ஆழத்தில் நின்றது, எப்படி மேய்ந்தது, பறக்கும்போது வெள்ளை எங்கே தெரிந்தது. இந்த ஆறையும் குறிப்பேட்டில் எழுதி, ஒரு கோட்டுப்படமும் போட்டுவிடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. புத்தகத்தை அறைக்குத் திரும்பிய பிறகு திறக்கலாம். பறவை எதிரே இருக்கும்போது புத்தகத்தைப் பார்க்கிறவர் இரண்டையும் இழக்கிறார்.

நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே கூட்டம் முழுவதும் திடீரென்று எழும்பினால் மேலே பாருங்கள். பைரி என்னும் வேட்டைப் பறவை வந்திருக்கும், அல்லது சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்திருக்கும். அப்போது ஆயிரம் பறவைகள் ஒரே உடம்பாகத் திரும்பும். முதுகைக் காட்டும்போது கூட்டம் பழுப்பாகி மறையும், வயிற்றைக் காட்டும்போது வெள்ளியாக மின்னும். ஒன்றையொன்று இடித்துக்கொள்வதில்லை. தலைக்கு மேல் கடந்தால் பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல ஓர் ஓசை கேட்கும்.

எண்ணுவதும் எழுதுவதும்

எண்ணாமல் பார்த்த பறவை பாதிதான் பார்த்த பறவை என்பது என் கருத்து. பெரிய கூட்டத்தைக் கண்டால் முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவு இடங்களை அடுக்கி நூறு எவ்வளவு என்று பாருங்கள், பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனை வரை போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் கண் விரைவில் பழகும். தேதி, நேரம், இடம், காற்று, நீரின் அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். இந்தக் குறிப்புகளை பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தன்னார்வலராகச் சேர்ந்து அனுபவசாலிகளோடு ஒரு நாள் நடந்தால், தனியாக ஓர் ஆண்டில் கற்பதை அன்றே கற்றுவிடலாம்.

பறவையின் காலில் உலோக வளையமோ நிறப்பட்டையோ தெரிந்தால் அது பொக்கிஷம். நிறம் என்ன, எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று எழுதுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். எந்த நாட்டில், எந்த இடத்தில் இட்டது என்பதை நிறங்களின் சேர்க்கையே சொல்லிவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவித்தால் அந்தப் பறவையின் வரலாறு உங்களுக்கும் தெரியவரும். பட்டையைப் படிப்பதற்காகத் துரத்த மட்டும் வேண்டாம். அது மேய்ந்து திரும்பும் வரை காத்திருங்கள்.

பங்குனியில் இன்னொரு முறை

தையில் வந்து பார்த்தவர்கள் பங்குனிக் கடைசியில் அவசியம் ஒருமுறை திரும்பி வாருங்கள். வெயில் ஏறியிருக்கும், நீர் வெகுவாகச் சுருங்கியிருக்கும். ஆனால் நீங்கள் சாம்பல் நிறத்தில் பார்த்துவிட்டுப் போன வளைமூக்கு உள்ளான் அப்போது செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். முதலில் மார்பில் அங்கங்கே செந்திட்டுகள், நாளாக ஆக முகம், கழுத்து, வயிறு எல்லாம் சிவப்பு. சாம்பல் உப்புக்கொத்தியின் வயிறு கறுக்கும். மேய்ச்சலில் ஒரு வேகம் தெரியும், உடம்பு உருண்டிருக்கும்.

இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் மாலையில் போங்கள். சூரியன் மேற்கே இறங்குவதால் பறவையின் நிறம் சரியாகத் தெரியாது, இன்று அது தேவையும் இல்லை. பறவைகளின் குரலைக் கேளுங்கள். வழக்கமாக அமைதியாக மேயும் கூட்டத்தில் ஒரு பகுதி ஓயாமல் குரல் கொடுக்கத் தொடங்கும். இறக்கையை அடித்துக்கொள்ளும், சிறகைக் கோதும், எழுந்து ஒரு வட்டமடித்துத் திரும்ப உட்காரும். இரண்டாவது முறை எழும்போது சில தயங்கிக் கீழே இறங்கிவிடும், மற்றவை இறங்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயரே போகும். குழம்பலாக இருந்த கூட்டம் நீண்ட கோடாக மாறும். பைனாகுலரை அந்தக் கோட்டிலிருந்து எடுக்காமல் வடக்கே பார்த்துக்கொண்டிருங்கள், வேதாரண்யத்து விளக்குகளுக்கு மேலே அது புள்ளியாகி மறையும்வரை.